வீட்டுக்கும் வூட்டுக்கும் நடுவில் டச்சு

ராயபுரம், தண்டையார்பேட்டை, மணலி பக்கமிருந்து டச்சு கற்க உட்காருகிறவர்கள் பலவகை. கப்பல் வேலையில், துறைமுக வேலையில், ரசாயன ஆலை வேலையில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் பக்கம் போகிறவர்கள் உண்டு. அங்கே இருக்கும் கணவனோடு அல்லது மனைவியோடு சேர, விசாவுக்காகத் தேர்வு எழுதுகிறவர்களும் உண்டு. எல்லாருக்கும் முதல் நாளே சொல்லப்படுவது ஒன்றுதான்: "இங்கிலீஷ் தெரியும்ல? அப்போ டச்சு ஈஸி."

பாதி உண்மை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் டச்சை எளிய மொழிகளின் வரிசையில்தான் வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்குப் போட்டது. வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவருக்குக் கணக்கு மாறும். சொற்களுக்கு இங்கிலீஷ் கை கொடுக்கும். எழுத்துக்கூட்டல், வாக்கியத்தின் வால், பேச்சில் ஒட்டும் சின்னச் சின்ன அசைகள் ஆகியவற்றில் தமிழ் கை கொடுக்கும். இரண்டும் கைவிடும் இடங்கள் சில உண்டு. எது எந்த இடம் என்று தெரியாமல், எல்லாவற்றையும் இங்கிலீஷ் வழியாகவே கற்பதில்தான் பாதி நேரம் வீணாகிறது.

டச்சுச் சொற்களை இங்கே தமிழில் எழுதியிருப்பது காதுக்காக. "யூ எழுத்து", "ஏ எழுத்து" என்று வந்தால் அது இங்கிலீஷ் எழுத்தின் பெயர். ஃக என்று வரும் இடம் தொண்டையில் உரசும் ஒலி. ஔ என்று எழுதியிருப்பது நம் ஔ இல்லை, கீழே சொல்கிறேன். ட என்று எழுதினாலும் நாக்கை மடித்து மேலண்ணத்தில் அடிக்க வேண்டாம். மேல்பல்லுக்குப் பின்னால் ஈறில் நாக்கு படட்டும்.

முதலில் எல்லாரும் திணறும் மூன்று உயிரொலிகள். இங்கிலீஷில் இவை கிடையாது. வடசென்னைப் பேச்சில் இவற்றுக்குப் பாதி வழி இருக்கிறது. "வீடு" என்று ஆரம்பித்து ஈ-யை நீட்டிப் பிடியுங்கள். நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் "வூடு" சொல்வதுபோலக் குவியுங்கள். வருவதுதான் இரட்டை யூ எழுத்தின் ஒலி: சுவர் என்பதற்கான "ம்யூர்". நடுவில் ய் கிடையாது, தமிழில் எழுத வேறு வழியில்லாமல் போட்டது. அதே மாதிரி ஏ-யைப் பிடித்துக்கொண்டு உதட்டை ஓ-வுக்குக் குவித்தால் ஈ-யூ என்ற எழுத்துச் சேர்க்கை. கதவு என்பது அந்த ஒலியோடு "டேர்". "எய்" என்று சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் யூ-ஐ. வீடு என்பது அந்த ஒலியோடு "ஹௌஸ்".

தவறுவது எங்கே என்றால், உதடு குவிந்ததும் நாக்கும் கூடவே பின்னால் போய்விடும். அப்போது ம்யூர் "மூர்" ஆகும். டச்சில் மூர் என்றால் போல்ட்டில் மாட்டும் நட்டு. டேர் "டோர்" ஆகும். இங்கிலீஷ் கதவு போலவே இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். டச்சில் டோர் என்றால் "ஊடாக". கண்ணாடி முன் நின்று பழகுங்கள். நாக்கு நுனி கீழ்ப்பல்லைத் தொட்டபடி இருந்தால் சரி, விலகினால் தப்பு.

தொண்டை ஒலியை அவ்வளவு பெரிதாக்க வேண்டியதில்லை. "மகன்", "பகல்" என்று வேகமாகச் சொல்லும்போது நடுவில் வரும் க, முழுக் க அல்ல, உரசிப் போகிறது. அதையே சொல்லின் முதலிலும் கடைசியிலும் வைத்து, கொஞ்சம் பின்னால் தள்ளி அழுத்தினால் போதும். தெற்கே பிராபன்ட், லிம்பர்க் மாகாணங்களிலும் பெல்ஜியத்திலும் இந்த ஒலி மெதுவாகத்தான் வரும். பிராபன்டில் உள்ள ஐந்த்ஹோவன் ஊருக்குப் போகிறவர்கள் தொண்டையைக் கிழிக்க வேண்டாம். ஆனால் வெறும் க போட்டால் அர்த்தம் போய்விடும்: "ஃகட்" ஓட்டை, "கட்" பூனை.

அடுத்தது வ. நெதர்லாந்தில் டபிள்யூ எழுத்தின் ஒலி, கீழுதடு மேல்பல்லை லேசாகத் தொடும் நம் தமிழ் வ-வேதான். இங்கிலீஷ்காரர் உதட்டைக் குவித்துத் தவிக்கும் இடத்தில் நமக்கு வேலையே இல்லை. மாட்டிக்கொள்வது வி எழுத்தில். அதை நாம் வ என்று வாசிக்கிறோம். அங்கே பலர் வாயில் அது ஃப-வுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஐந்து என்பது "ஃபெய்ஃப்". அதைத் தமிழ் வ போட்டு "வெய்ஃப்" என்று சொன்னால், பெண்ணை மட்டமாகக் குறிப்பிடும் சொல் காதில் விழும். கடையில் ஐந்து ஆப்பிள் கேட்கும்போது கவனம்.

ப், ட், க் மூன்றும் டச்சில் மூச்சுக்காற்று இல்லாமல் வருகின்றன, தமிழில் வருவதுபோலவே. இது இலவசமாகக் கிடைத்தது. இதற்கு ஈடாக இரண்டு பழக்கங்களை விட வேண்டும். ஒன்று, ம், ன்-க்குப் பின் வரும் வல்லினம் நம் வாயில் தானாகவே அதிர்ந்துவிடும்: பாம்பு, வண்டி. விளக்கைக் குறிக்கும் "லம்ப்" என்பதில் ப் அதிரக் கூடாது. நாடு என்பதை டி எழுத்தில் முடித்தாலும் உச்சரிப்பு "லன்ட்", கடைசி ஒலி அதிராது. டச்சில் சொல்லின் கடைசியில் வரும் பி, டி எல்லாம் ப், ட் என்றே ஒலிக்கும்.

இரண்டாவது பழக்கம் இன்னும் ஆபத்து: பஸ்ஸு, கப்பு, புக்கு என்று கடைசியில் ஒரு சின்ன உ ஒட்டுவது. இங்கிலீஷில் அது வெறும் உச்சரிப்புக் குறை. டச்சில் சொல்லின் கடைசியில் வரும் மங்கலான ஒலிக்கு இலக்கண வேலை இருக்கிறது. பெரிய என்பதற்கு "ஃக்ரோட்" ஒரு வடிவம், "ஃக்ரோட" இன்னொரு வடிவம். "ஃக்ரோட்டு" என்று நீங்கள் சொன்னால் இரண்டாவதைச் சொன்னதாகக் கேட்கும். சரியான இலக்கணம் தெரிந்தும் தப்பாகப் பேசியதாக ஆகும். இதைப் போக்க ஒரு பயிற்சி: மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உயிரில் தொடங்கும் சொல்லை வைத்துச் சொல்லிப் பழகுங்கள். "பூக் இஸ்", "ஃக்ரோட் இஸ்". உ நுழைய இடம் கிடைக்காது. வேடிக்கை என்னவென்றால், டச்சுக்காரர்களும் பாலை "மெல்க்" என்று எழுதி "மெலக்" என்று சொல்பவர்கள்தான்; சினிமா "ஃபிலம்". எல், ஆர் பின்னால் மட்டும் நம் பழக்கத்துக்கு அங்கே அனுமதி.

இனி எழுத்துக்கூட்டல். இங்கிலீஷ் வழிப் பாடநூல்கள் திறந்த அசை, மூடிய அசை என்று பக்கம் பக்கமாக விளக்கும் விஷயம் இது. மனிதன் "மன்", ஒரு ஏ எழுத்து. நிலா "மான்", இரண்டு ஏ எழுத்து. பன்மையில் -என் சேரும்போது மன் என்பதில் என் எழுத்து இரட்டிக்கும். மான் என்பதில் என் எழுத்து இரட்டிக்காது, ஏ எழுத்து ஒன்று குறையும். குண்டு "பொம்", பன்மையில் எம் இரண்டு. மரம் "போம்", பன்மையில் எம் ஒன்று, ஓவும் ஒன்று. ஏன் என்று இங்கிலீஷ்காரர் மண்டையை உடைப்பார். நாம் பள்ளியிலேயே இதைப் படித்துவிட்டோம்: தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். கல் கல்லை ஆகிறது, கால் காலை ஆகிறது. மண் மண்ணை, மான் மானை. கிட்டத்தட்ட அதே விதி. குறிலுக்குப் பின் மெய் இரட்டும், நெடிலுக்குப் பின் இரட்டாது.

வித்தியாசம் இரண்டே. தமிழில் கல்லை என்றால் ல் உண்மையிலேயே இரண்டாக ஒலிக்கும். டச்சில் இரட்டிப்பது தாளில் மட்டும், வாயில் ஒரு மெய்தான். மன்னன் என்று ன்-ஐ அழுத்தினால் அந்நியமாகக் கேட்கும். இன்னொன்று, டச்சில் நெடிலை இரட்டை எழுத்தால் காட்டுவது பெரும்பாலும் மெய்யில் முடியும் அசையில்தான். அசை உயிரில் முடிந்தால் பெரும்பாலும் ஒரே எழுத்து போதும், அது நெடில் என்று வாசகர் புரிந்துகொள்வார். குறில் நெடில் என்ற பேதம் காதில் ஊறிய மொழியிலிருந்து போகிறவருக்கு இது ஒரு மாலைப் பாடம்.

வாக்கிய அமைப்புக்கு வருவோம். "நான் நாளைக்கு ரயில்ல ரோட்டர்டாம் போறேன்." எப்போது, எதில், எங்கே என்ற வரிசை தமிழில் இயல்பாக வருகிறது. டச்சிலும் இதே வரிசைதான்: "இக் ஃகா மோர்ஃகன் மெட் ட ட்ரெய்ன் நார் ரோட்டர்டாம்." நான், போகிறேன், நாளை, ரயிலில், ரோட்டர்டாமுக்கு. வினை மட்டும் இரண்டாம் இடத்துக்கு ஏறிவிட்டது. இங்கிலீஷில் யோசித்தால் ஊரை முன்னால் போட்டு நாளைக் கடைசியில் போடுவீர்கள். அது டச்சுக் காதுக்குக் கோணல். வரிசையைத் தமிழில் யோசியுங்கள்.

துணைவாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தை விட்டுக் கடைசிக்குப் போகிறது. "ஒம்டட் இக் மோர்ஃகன் மெட் ட ட்ரெய்ன் நார் ரோட்டர்டாம் ஃகா." நான் நாளை ரயிலில் ரோட்டர்டாமுக்குப் போவதால். சொல்லுக்குச் சொல் தமிழ். ஒரே ஒரு மாற்றம், நம் "-ஆல்" வாலில் ஒட்டுகிறது, அவர்கள் "ஒம்டட்" தலையில் நிற்கிறது. பேசும்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இணைப்புச் சொல்லை முதலில் சொல்லிவிட்டு, மீதியைத் தமிழ் வரிசையில் ஓட்டுங்கள்.

வினை இரண்டாகச் சேர்ந்து வரும்போதும் கவலை வேண்டாம். "அவன் படித்திருக்கிறான் என்று" என்பதில் படித்த என்ற பகுதி முன்னா, இருக்கிறான் என்ற பகுதி முன்னா என்றால், டச்சில் இரண்டு வரிசையும் சரி. "ஃகலேஸன் ஹேஃப்ட்" தமிழ் மாதிரி. "ஹேஃப்ட் ஃகலேஸன்" இன்னொன்று. தமிழ் மாதிரியையே வைத்துக்கொள்ளலாம்.

தமிழும் இங்கிலீஷும் சேர்ந்து கைவிடும் இடம் முதன்மை வாக்கியம். நாளை என்று தொடங்கினால் அடுத்தது வினைதான் வர வேண்டும், எழுவாய் அதற்குப் பின்: "மோர்ஃகன் ஃகா இக்." "மோர்ஃகன் இக் ஃகா" என்பதுதான் நம்மவர்களிடம் அதிகம் கேட்கும் பிழை. எண்ண வேண்டியது சொற்களை அல்ல, பொருள் துண்டுகளை. "அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை" என்று நீளமாகத் தொடங்கினாலும் அது ஒரே துண்டு. இரண்டாவது துண்டு வினை. பேச்சுத் தேர்வில் பதற்றம் வந்தால் ஒரு தப்பிக்கும் வழி: காரணம் சொல்ல ஒம்டட்டுக்குப் பதிலாக "வன்ட்" போடுங்கள். அதற்குப் பின் சாதாரண வாக்கியம் வரும், வினை கடைசிக்குப் போகாது. "வன்ட் இக் பென் ஸீக்", ஏனென்றால் எனக்கு உடம்பு சரியில்லை.

பிரியும் வினைகளில் பயப்பட ஒன்றுமில்லை. போன் செய்வது "ஒப்பெல்லன்". வாக்கியத்தில் அது இரண்டாக உடைந்து, தலை கடைசிக்குப் போகும்: "இக் பெல் ய மோர்ஃகன் ஒப்." கேட்கும்போது கடைசி அசை வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் பாடம். வினை கடைசியில் வரும் மொழியில் பிறந்தவருக்குக் காத்திருப்பது பழக்கம்தான். அழுத்தம் முன்னொட்டில் விழுந்தால் பிரியும், வேரில் விழுந்தால் பிரியாது. "ஃபோர்கோமன்" என்பதில் முதலில் அழுத்தினால் "நிகழ்வது", நடுவில் அழுத்தினால் "தடுப்பது".

இங்கிலீஷ் வழியாகப் போனால் பிடிபடாதது, தமிழ் வழியாகப் போனால் உடனே பிடிபடுவது, பேச்சின் நடுவில் தூவும் அசைகள். "நே ஹோர்" என்பதற்கு அகராதி பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. அது "இல்லப்பா". வெறும் "நே" வெட்டு. ஹோர் சேர்ந்தால் மெத்து. "கொம் மார் பின்னன்" என்றால் "உள்ள வாங்களேன்", அந்த -ஏன் தான் மார். "வஃக்ட் ஏவன்", "கொஞ்சம் இரு", இதில் கொஞ்சம் என்பது அளவல்ல, அதுபோல ஏவனும் நேரம் அல்ல. "ய கொம்ட் டொஃக்?" "வருவ தானே?" இல்லை என்று ஒருவர் சாதிக்கும்போது மறுத்துச் சொல்லும் "வெல்" இருக்கிறதே, "இக் ஹெப் ஹெட் வெல் ஃகடான்", அதற்கு இங்கிலீஷில் சரியான சொல் இல்லை. தமிழில் இருக்கிறது: "செய்யத்தான் செஞ்சேன்." இவற்றை இலக்கணமாகப் படிக்காதீர்கள். தமிழ் வாக்கியத்தோடு ஜோடி போட்டு மனப்பாடம் செய்யுங்கள். இவை இல்லாத டச்சு, பிழையில்லாமல் இருந்தாலும் கட்டளை போடுவதாகக் கேட்கும்.

இருப்பிடம் சொல்வதும் இந்த ரகம். பொருள் "இருக்கிறது" என்று டச்சு சும்மா சொல்லாது. பாட்டில் நிற்கும், புத்தகம் படுத்திருக்கும், பைக்குள் பணம் உட்கார்ந்திருக்கும், சட்டை தொங்கும். தட்டு தட்டையாக இருந்தாலும் மேசைமேல் நிற்கும், செருப்பும் நிற்கும். அடிப்பாகம் என்று ஒன்று இருந்து அதன்மேல் பொருள் அமைந்திருந்தால் நிற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே வினைகள் தொடர்செயலுக்கும் வரும். "ஹெய் ஸ்டாட் ட வஃக்டன்", "நின்னுகினு வெயிட் பண்றான்." "இக் ஸிட் ட லேஸன்", "குந்திகினு படிக்கிறேன்." இங்கிலீஷில் இந்த நிற்பதும் குந்துவதும் காணாமல் போகும்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இங்கிலீஷ் "தி" போல வரும் ட, ஹெட் என்ற இரண்டு சுட்டிடைச் சொற்களுக்குச் சுருக்குவழி முழுதாகக் கிடையாது. பெரும்பான்மைச் சொற்கள் ட. பன்மை எல்லாம் ட. -ய என்று முடியும் சிறுமை வடிவம், அதாவது சின்னது என்று காட்டும் வடிவம், எல்லாம் ஹெட். சந்தேகம் வந்தால் சொல்லைச் சிறியதாக்கிவிட்டால் ஹெட் நிச்சயம். சிறுமி என்பதற்கான "மெய்ஷ" இந்த விதியால்தான் ஹெட் ஆயிற்று. -இங், -ஹெய்ட் என முடிபவை ட. மொழிப் பெயர்கள், உலோகங்கள் ஹெட். மீதியைச் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். பிழை வெளிப்படுவது பெயரடையில்: "அன் ஃக்ரோட ஹௌஸ்" தப்பு, "அன் ஃக்ரோட் ஹௌஸ்" சரி. ஒரு என்ற சொல்லுக்குப் பின் ஹெட்-சொல் ஒருமையில் வந்தால் மட்டும் அந்தக் கடைசி மங்கல் ஒலி விழுந்துவிடும். மற்ற இடங்களில் பெரும்பாலும் ஒட்டும்.

கடிகாரத்தில் தமிழை நம்பினால் ஒரு மணி நேரம் போய்விடும். நமக்கு ஏழரை என்றால் ஏழுக்குப் பின் அரை. டச்சில் "ஹல்ஃப் அஃக்ட்" என்றால் எட்டுக்கு அரை பாக்கி, அதாவது 7.30. எட்டரை என்று புரிந்துகொண்டு போனால் பஸ் போயிருக்கும். இன்னும் ஒரு படி மேலே, 7.25-ஐ அரைக்கு ஐந்து முன் என்றும் 7.35-ஐ அரைக்கு ஐந்து பின் என்றும் சொல்வார்கள்: "ஃபெய்ஃப் ஃபோர் ஹல்ஃப் அஃக்ட்", "ஃபெய்ஃப் ஓவர் ஹல்ஃப் அஃக்ட்." எண்களும் தலைகீழ். 47 என்பது ஏழும் நாற்பதும், "ஸேவனன்ஃபேர்டஃக்". போன் நம்பரை இரண்டிரண்டாகச் சொல்பவர்கள் அதிகம்; கேட்கும்போது முதலில் வரும் ஏழை எழுதிவிட்டால் 74 ஆகிவிடும். ஒரு கட்டம் இடம் விட்டு ஏழை எழுதி, பிறகு முன்னால் நான்கை நிரப்புங்கள்.

சொற்களில் இங்கிலீஷ் தரும் உதவி உண்மையானது. துறைமுகச் சொற்களில் ஸ்கிப்பர், டெக், யாட் போன்றவை டச்சிலிருந்து இங்கிலீஷுக்குப் போனவை; பாஸ் என்று நாம் கூப்பிடுவதும் "பாஸ்" என்ற டச்சு மேஸ்திரிதான். நம் துட்டும் கக்கூஸும் அந்த வழி வந்தவை. பழவேற்காட்டில் 1613-ல் கெல்ட்ரியா கோட்டை கட்டி உட்கார்ந்த டச்சுக்காரர்கள் சும்மா போகவில்லை. அங்கே உள்ள கல்லறைகளில் டச்சு வாசித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்தக் கால எழுத்துக்கூட்டல் வேறு. இன்று இரட்டை ஏ போடும் இடத்தில் அன்று ஏ-வும் ஈ-யும் சேர்த்து எழுதுவார்கள்.

ஏமாற்றும் சொற்களும் உண்டு. ஸ்லிம் என்றால் புத்திசாலி. எம்-யூ-ஜி என்று எழுதியிருந்தால் கோப்பை அல்ல, கொசு. ஆர்-ஓ-ஓ-எம் அறை அல்ல, பாலாடை. தரையில் ஜி-எல்-ஏ-டி என்று பலகை வைத்திருந்தால் மகிழ்ச்சி அல்ல, வழுக்கும். ஆலை ஆய்வகத்தில் "மொன்ஸ்டர்" எடுத்து வரச் சொன்னால் மாதிரி எடுத்து வரச் சொல்கிறார்கள். ஜி-ஐ-எஃப் என்று டப்பாவில் பார்த்தால் தொடாதீர்கள், விஷம்.

குடும்ப விசாவுக்கான அடிப்படைத் தேர்வு ஏ1 நிலை, அதாவது ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் முதல் படி. பேச்சு, வாசிப்பு, நெதர்லாந்து சமூகம் பற்றிய அறிவு என்று மூன்று பகுதி. தூதரகத்தில் எழுத வேண்டும். அங்கே போனபின் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி பொதுவான இலக்கு பி1, ஏ1-ஐவிட இரண்டு படி மேல். ஏ1-க்கு எழுத்துக்கூட்டல் விதியைவிட மூன்று உயிரொலியும், "மோர்ஃகன் ஃகா இக்" வரிசையும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

போய்ச் சேர்ந்தபின் வரும் தொல்லை வேறு. நீங்கள் திக்கினால் எதிரில் இருப்பவர் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார், மரியாதைக்காகத்தான். "இக் வில் ஃக்ராஃக் நேடர்லண்ட்ஸ் ப்ராடன்", நான் டச்சில் பேச விரும்புகிறேன் என்று சொல்லிவிட்டு, "குன்ட் யூ வட் லங்ஸாமர் ப்ராடன்?", கொஞ்சம் மெதுவாகப் பேச முடியுமா என்று கேளுங்கள். இரண்டிலும் பேசு என்ற வினை கடைசியில்தான். யூ என்பது நீங்க, ய என்பது நீ. தெரியாதவரிடமும் வயதானவரிடமும் யூ சரி. ஆனால் ஆபீஸில் மேலாளரே ய போட்டுப் பேசச் சொன்னால் மாறிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் யூ போட்டால் ஒதுங்கி நிற்பதாக எடுத்துக்கொள்வார்.